படிக்கப் போன ஊரிலேயே தங்கிவிட்ட மாணவர்: இமாம் முர்தளா ஸபீதி (ரஹ்)

 



ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நம் மஹல்லாவில் ஒரு காட்சியைப் பார்க்கிறோம். ஃபஜ்ரு தொழுகை முடிந்ததும் ஒரு வாலிபன் தன் தந்தையோடு வந்து நிற்பான். ஹஜ்ரத், இன்று இரவு விமானம், துஆ செய்யுங்கள் என்பான். ஒருவன் ஜெர்மனிக்குப் போகிறான், ஒருவன் கனடாவுக்கு, ஒருவன் மருத்துவம் படிக்க ஜார்ஜியாவுக்கு. நாமும் தலையில் கை வைத்து துஆ ஓதி அனுப்புகிறோம்.

மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து அதே தந்தை மட்டும் தனியாக வருகிறார். பையன் படிப்பை முடித்துவிட்டான், அங்கேயே வேலை கிடைத்துவிட்டது, இனி அங்கேயே இருக்கப் போகிறானாம் என்கிறார். அவர் குரலில் பெருமையும் இருக்கிறது, தொண்டை அடைப்பதும் தெரிகிறது. இது கூடுமா ஹஜ்ரத் என்று கேட்கிறார். அவர் கேட்பது மஸ்அலா அல்ல என்பது எனக்குத் தெரியும். என் மகனை நான் இழந்துவிட்டேனா என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்தத் தந்தைக்கும், அந்த மகனுக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் ஒரு பெரியவரின் வாழ்க்கையை இன்றைய ஜும்ஆவில் பார்க்கலாம். அவர் நம் நாட்டில் பிறந்தவர். படிப்பதற்காகக் கடல் கடந்து போனவர். போன இடத்திலேயே தங்கி, அங்கேயே வபாத்தாகி, அங்கேயே அடக்கமானவர். அவர்தான் இமாம் முர்தளா ஸபீதி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள்.

பெயரில் யமன், பிறப்பில் இந்தியா

அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் எங்கள் நூலகத்தில் இத்ஹாஃப் என்ற கிதாபின் பத்து பாகங்கள் வரிசையாக இருக்கும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யா உலூமித்தீனுக்கு எழுதப்பட்ட விரிவுரை அது. எழுதியவர் பெயர் ஸபீதி என்றிருக்கும். ஸபீது என்பது யமன் நாட்டில் உள்ள ஒரு நகரம். ஆகவே அவரும் ஒரு யமன்காரர் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அவர் பிறந்தது இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள பில்கிராம் என்ற ஊரில் என்று உஸ்தாத் சொன்னபோது வகுப்பே ஆச்சரியப்பட்டது.

ஹிஜ்ரி 1145, அதாவது கி.பி. 1732-இல் பில்கிராமில் ஸாதாத் குடும்பம் ஒன்றில் பிறந்தார்கள். பெயர் முஹம்மது. முர்தளா என்பது பட்டப்பெயர். அவர்களின் முன்னோர்கள் இராக்கில் உள்ள வாஸித் என்ற ஊரிலிருந்து வந்து இந்தியாவில் குடியேறியவர்கள். அதனால் அவர்களுக்கு வாஸிதீ என்ற பெயரும் உண்டு.

ஒரே மனிதரின் பெயரில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன பாருங்கள். பாட்டனார்களின் ஊர் வாஸித். பிறந்த ஊர் பில்கிராம். ஓதிய ஊர் ஸபீது. வாழ்ந்து மறைந்த ஊர் கெய்ரோ. ஊர் மாறுவது நம் காலத்தில் வந்த புதுப் பழக்கம் அல்ல என்பதற்கு இந்தப் பெயரே சாட்சி.

ஸூரத் துறைமுகத்திலிருந்து

இந்தியாவில் இருந்த காலத்திலேயே பெரிய உலமாக்களிடம் ஓதினார்கள். டெல்லியில் ஷாஹ் வலியுல்லாஹ் முஹத்திஸ் திஹ்லவி (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்டார்கள். பின்பு ஸூரத்துக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கப்பல் ஏறும் துறைமுகம் அதுதான். ஸூரத்திலும் ஹதீஸ் கலை ஆலிம்களிடம் ஓதிவிட்டு, இருபது வயதுக்கு முன்பே கப்பல் ஏறினார்கள்.

அந்தப் பயணத்தை நம் பயணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்று இறங்கியவுடன் வாட்ஸ்அப்பில் உம்மாவிடம் முகம் காட்டலாம். அன்று கப்பல் ஏறுவதற்குப் பருவக்காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஓராண்டு ஆகலாம். அப்படிப்பட்ட காலத்தில் இல்மு என்ற ஒன்றை நம்பி ஒரு வாலிபர் கடலில் இறங்கினார்.

ஸபீதில் தங்கிப் பல ஆண்டுகளாக இல்முக்குப் பெயர் பெற்ற குடும்பங்களின் ஆலிம்களிடம் ஓதினார்கள். மக்காவுக்கும் மதீனாவுக்கும் போனார்கள். மதீனாவில் அவர்களுக்குக் கிடைத்த உஸ்தாதுகளில் முக்கியமானவர் இப்னுத் தய்யிப் (ரஹ்). அவர் மொராக்கோவின் ஃபாஸ் நகரத்துக்காரர். அவரும் ஊரை விட்டு வந்து மதீனாவில் தங்கியவர். காமூஸ் என்ற புகழ்பெற்ற அரபு அகராதிக்கு அவர் ஒரு விளக்க நூல் எழுதியிருந்தார். இந்தியாவிலிருந்து வந்த மாணவரின் உள்ளத்தில் அரபு மொழி ஆராய்ச்சியின் விதையைப் போட்டவர் மொராக்கோவிலிருந்து வந்த அந்த உஸ்தாத்.

பிறகு தாயிஃப் நகரத்தில் ஐதரூஸ் (ரஹ்) என்ற ஹளரமவ்த் நாட்டுப் பெரியவரைச் சந்தித்தார்கள். அவரிடம் இஹ்யா உலூமித்தீனின் ஒரு பகுதியை ஓதினார்கள். அந்தப் பெரியவர் தம் மாணவரிடம் மிஸ்ர் நாட்டைப் பற்றிப் பேசினார். அங்குள்ள உலமாக்கள், இலக்கியவாதிகள், காண வேண்டிய இடங்கள் என்று அவர் விவரிக்க விவரிக்க, மாணவரின் மனம் மிஸ்ருக்கு ஏங்க ஆரம்பித்துவிட்டது.

சகோதரர்களே, இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். எங்கே போய்ப் படிப்பது என்ற முடிவை இவர்கள் யாரிடமிருந்து பெற்றார்கள்? தம்மை நன்றாக அறிந்த ஓர் உஸ்தாதிடமிருந்து பெற்றார்கள். இன்று நம் பிள்ளைகளின் முடிவுகளில் பல, கமிஷன் வாங்கும் ஏஜெண்டுகளின் மேஜையில் எடுக்கப்படுகின்றன. எந்தப் பல்கலைக்கழகம், என்ன படிப்பு, முடித்தால் என்ன பயன் என்பது தெரியாமலே வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போகிறது. அனுப்பும் முன் அந்தத் துறையில் படித்தவர்களிடமும், அந்த நாட்டில் வாழ்கிறவர்களிடமும் மஷ்வரா செய்யுங்கள். மஷ்வரா செய்வது நபிவழி.

கெய்ரோவில் ஒரு வெளிநாட்டு மாணவர்

ஹிஜ்ரி 1167, ஸஃபர் மாதம் 9-ஆம் நாள் அவர்கள் கெய்ரோவில் காலடி வைத்தார்கள். கி.பி. 1753-ஆம் ஆண்டின் கடைசி. வயது இருபத்திரண்டு. பொற்கொல்லர்களின் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சத்திரத்தில் தங்கினார்கள். சொந்தபந்தம் யாரும் இல்லை.

அன்றைய கெய்ரோ வெளியூர் மாணவர்களுக்குப் பழகிய ஊர்தான். அல்அஸ்ஹரில் நாட்டுக்கு நாடு தனித்தனி ரிவாக்குகள் இருந்தன. ரிவாக் என்றால் மாணவர்கள் தங்கி ஓதும் பகுதி. மொராக்கோ பக்கத்தினருக்கு ஒன்று, ஷாம் தேசத்தினருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, ஹபஷா பகுதியிலிருந்து வந்த ஜபர்த் மக்களுக்கு ஒன்று. ஆனாலும் ஊர் பழகுவது வேறு, ஊரில் ஒருவராக ஆவது வேறு.

முர்தளா ஸபீதி (ரஹ்) என்ன செய்தார்கள்? முதலில் அங்குள்ள உலமாக்களின் பாடங்களில் மாணவராகப் போய் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் இஜாஸா பெற்றார்கள். அடுத்து அந்த நாட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். நைல் நதியின் மேற்பகுதியான ஸயீதுக்கு மூன்று முறை போனார்கள். திம்யாத், ரஷீத், மன்ஸூரா என்று வடக்குப் பக்கமும் போனார்கள். போன இடத்திலெல்லாம் ஆலிம்களைச் சந்தித்தார்கள், கேட்டதையும் பார்த்ததையும் எழுதி வைத்தார்கள்.

நம் பிள்ளைகளில் சிலர் ஐந்து ஆண்டுகள் ஒரு நாட்டில் இருந்தும் அந்த நாட்டுக்காரர் ஒருவர் வீட்டில் கூடத் தேநீர் குடித்ததில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஓர் அறை, நம் ஊர்ச் சமையல், நம் ஊர் அரட்டை. வெளியே பல்கலைக்கழகமும் பகுதிநேர வேலையும். அது இரவு தங்கும் சத்திரத்து வாழ்க்கை. ஸபீதி (ரஹ்) அவர்களும் சத்திரத்தில்தான் ஆரம்பித்தார்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. இஸ்மாயீல் கத்குதா என்ற ஒரு படை அதிகாரி, இந்த இளம் ஆலிமின் தகுதியைப் புரிந்துகொண்டு ஆதரவாக நின்றார், உதவிகள் செய்தார். அதன்பிறகுதான் அவர்களின் நிலை சீரானது. ஊர் தெரியாத ஒரு மாணவருக்கு ஒரு செல்வந்தர் செய்த உதவிக்குப் பின்னால் எத்தனை கிதாபுகள் வந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் பெட்டியோடு வந்து இறங்கும் வெளிமாநிலப் பிள்ளைக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அரபுகளுக்கே அரபு மொழியைத் தந்தவர்

ஹிஜ்ரி 1174-இல், கெய்ரோவுக்கு வந்து ஏழு ஆண்டுகள் கழித்து, அவர்கள் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். காமூஸ் அகராதிக்கு முழுமையான விளக்கம் எழுதும் வேலை அது. காமூஸை எழுதியவர் ஃபைரூஸாபாதி (ரஹ்). அவர் பாரசீகத்தில் பிறந்தவர். ஊர் ஊராகப் பயணம் செய்து, கடைசியில் யமனின் அதே ஸபீது நகரத்தில் தங்கி ஹிஜ்ரி 817-இல் வபாத்தானவர். பாரசீகத்தில் பிறந்து யமனில் தங்கியவர் எழுதிய நூலை, மொராக்கோவில் பிறந்து மதீனாவில் தங்கியவரிடம் படித்து, இந்தியாவில் பிறந்து மிஸ்ரில் தங்கியவர் விளக்கி எழுதினார். இந்த உம்மத்தின் இல்மு இப்படித்தான் வளர்ந்தது.

பதினான்கு ஆண்டுகள் உட்கார்ந்து எழுதினார்கள். நூற்றுக்கும் அதிகமான நூல்களைப் புரட்டினார்கள். ஹிஜ்ரி 1188-இல், கி.பி. 1774-இல் அது நிறைவடைந்தது. அதற்குத் தாஜுல் அரூஸ் என்று பெயர் வைத்தார்கள். மணமகளின் கிரீடம் என்பது அதன் பொருள். குவைத் அரசாங்கம் வெளியிட்ட பதிப்பில் அது 40 பாகங்கள் வருகிறது. இன்றும் உலகில் எந்த அரபுக் கலாசாலையிலும் ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் ஆலிம்கள் கடைசியாகப் போய் நிற்கும் வாசல்களில் அது ஒன்று.

எழுதியதை ஒளித்து வைக்கவும் இல்லை. மாணவர்களையும் உலமாக்களையும் அழைத்து விருந்து கொடுத்து, அந்த நூலை அவர்கள் முன்னே வைத்தார்கள். பார்த்தவர்கள் வியந்து பாராட்டுரைகள் எழுதித் தந்தார்கள். அந்த நேரத்தில் மிஸ்ரின் ஆட்சியாளராக இருந்த முஹம்மது பே அபுத்தஹப், அல்அஸ்ஹருக்கு எதிரே ஒரு பள்ளிவாசல் கட்டி அதில் ஒரு நூலகமும் அமைத்தார். அந்த நூலகத்திற்காகத் தாஜுல் அரூஸின் ஒரு பிரதியை ஒரு லட்சம் வெள்ளி திர்ஹம் கொடுத்து வாங்கினார் என்று வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

வாலிபர்களே, உங்களுக்காக இதைச் சொல்கிறேன். அந்நிய நாட்டில் ஒருவர் மதிக்கப்பட வேண்டுமென்றால் அந்த மக்களுக்குத் தேவையான ஒன்று அவரிடம் இருக்க வேண்டும். இவர்கள் அரபுகளின் நாட்டுக்குப் போய், அந்த அரபுகளின் மொழியிலேயே அவர்களுக்குத் தெரியாததைத் தேடித் தந்தார்கள். அரபு மட்டுமல்ல, பாரசீகமும் துருக்கியும் தெரியும். மிஸ்ரின் அமீர்களில் பலர் ஜார்ஜியா பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் அந்த மொழியும் ஓரளவு தெரிந்து வைத்திருந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்கப் போகும் அதே ஜார்ஜியாவின் மொழி. மக்களின் மொழியைக் கற்பது அவர்களுக்கு நாம் செய்யும் முதல் மரியாதை.

அதற்காகத் தம் அடையாளத்தை அவர்கள் விட்டுவிடவில்லை. மிஸ்ர் உலமாக்களின் உடையை அணியாமல், மக்காவாசிகளின் பாணியிலேயே உடுத்தினார்கள். அந்த வித்தியாசமே மக்களை அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. தாடியையும் தொழுகையையும் மறைத்தால்தான் வெளிநாட்டில் மதிப்பார்கள் என்று எண்ணும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீடு வீடாகப் போன ஹதீஸ்

அவர்களின் வாழ்வில் என் உள்ளத்தை மிகவும் தொட்ட பகுதி இதுதான்.

அல்அஸ்ஹரின் உலமாக்களே அவர்களிடம் வந்து ஹதீஸில் இஜாஸா கேட்டார்கள். சும்மா எழுதித் தர முடியாது, உட்கார்ந்து ஓத வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் ஸலீபா என்ற பகுதியில் உள்ள ஷைகூன் பள்ளிவாசலில் திங்கள், வியாழன் நாட்களில் ஸஹீஹுல் புகாரி பாடம் தொடங்கியது. பாடம் முடிந்ததும் ஒரு ஹதீஸை முழு ஸனதோடு மனப்பாடமாகச் சொல்லுவார்கள். மிஸ்ரில் பழக்கம் விட்டுப்போயிருந்த முறை அது. கேட்டவர்கள் அசந்துபோனார்கள். ஆலிம்கள் வந்தார்கள், பிறகு பொதுமக்களும் வந்தார்கள்.

பின்னர் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் வீடுகளுக்கு அழைக்க ஆரம்பித்தார்கள். மாணவர்கள் சிலரோடு போவார்கள். அந்த வீட்டில் ஊதுபத்தி கமழும். வீட்டுக்காரர், அவருடைய பிள்ளைகள், நண்பர்கள் எல்லோரும் உட்காருவார்கள். வீட்டுப் பெண்களும் பெண்குழந்தைகளும் திரைக்குப் பின்னால் இருந்து கேட்பார்கள். ஹதீஸ்கள் ஓதப்படும். ஸலவாத்தோடு மஜ்லிஸ் நிறைவு பெறும். அதற்குப் பிறகு எழுத்தர் ஒருவர் ஒரு தாளை எடுத்து, அங்கே கேட்டவர்கள் அனைவரின் பெயர்களையும் எழுதுவார். ஆண்கள், பெண்கள், சிறுவர், சிறுமியர் என்று ஒருவர் விடாமல் பெயரும் தேதியும் எழுதப்படும். கீழே ஷைகு அவர்கள் இது சரி என்று தம் கையால் ஒப்பமிடுவார்கள்.

நினைத்துப் பாருங்கள். பில்கிராமிலிருந்து வந்த ஒரு பரதேசி, கெய்ரோவின் ஒரு வீட்டில் திரைக்குப் பின்னால் இருந்த ஒரு சிறுமியின் பெயரை நபிகளாரின் ஹதீஸைக் கேட்டவர்களின் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போகிறார். ஒரு நாட்டில் குடியேறுவது என்றால் இதுதான். நீங்கள் வந்ததால் அந்த ஊரின் வீடுகளுக்குள் ஒரு நன்மை நுழைந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் நமக்கு எழுதித் தந்தவர் அவர்களின் மாணவரான அப்துர் ரஹ்மான் ஜபர்தீ (ரஹ்). மிஸ்ரின் மிகப் பெரிய வரலாற்றாசிரியர். ஸபீதி (ரஹ்) கெய்ரோவுக்கு வந்த அதே ஹிஜ்ரி 1167-இல் பிறந்தவர். அவருடைய முன்னோரும் ஜபர்த் நாட்டிலிருந்து அல்அஸ்ஹருக்கு ஓத வந்து தங்கியவர்களே. இது போன்ற மஜ்லிஸ்கள் தம் வீட்டிலும் நடந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார்.

ஊர் கேட்டு விசாரித்த உள்ளம்

புகழ் பரவியது. ஹிஜாஸ், யமன், ஷாம், இராக், இந்தியா, மொராக்கோ, ஸூடான் என்று பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்தன. மொராக்கோ பக்கத்து ஹாஜிகள், இவர்களைச் சந்திக்காமல் ஊர் திரும்பினால் ஹஜ்ஜுப் பயணமே குறைவுபட்டதாக எண்ணும் அளவுக்கு வந்துவிட்டார்கள். ஹஜ்ஜுக் காலத்தில் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும்.

வருகிறவர்களிடம் பெயர், தந்தை பெயர், ஊர் எல்லாம் விசாரிப்பார்கள், எழுதி வைப்பார்கள். அடுத்த ஆண்டு அதே ஊரிலிருந்து வேறொருவர் வந்தால், உங்கள் ஊர் இன்னார் எப்படி இருக்கிறார், அவர் மகன் நலமா என்று கேட்பார்கள். வந்தவர் திகைத்துப் போவார். இது கஷ்ஃபு, கராமத் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அது அக்கறை. தாமே ஊரை விட்டு வந்தவர் என்பதால், ஊரைப் பற்றி ஒருவர் கேட்கும்போது மனதுக்கு எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

துருக்கியின் சுல்தான் இஸ்தான்பூலுக்கு வரும்படி அழைத்தார். முதலில் சம்மதித்தார்கள், பிறகு வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். படிக்க வந்த ஊர்தான் இனி தம் ஊர் என்று உள்ளம் முடிவு செய்துவிட்டது.

ஒரு பிரிவு

மிஸ்ரிலேயே அவர்கள் நிகாஹ் செய்திருந்தார்கள். மனைவியின் பெயர் ஸுபைதா. அந்நிய ஊரில் அவர்களுக்கு வீடு என்று இருந்தது அந்த அம்மையார்தான். ஹிஜ்ரி 1196-இல் அவர் வபாத்தானார். இவ்வளவு பெரிய ஆலிம் மிகவும் உடைந்துபோனார்கள். நீண்ட நாட்கள் கப்ரின் அருகிலேயே இருந்தார்கள். அந்த இடத்திற்குப் பக்கத்தில் நிலம் வாங்கி ஒரு சிறு வீடு கட்டி, மனைவியின் தாயாரை அங்கே குடிவைத்தார்கள். மனைவி போன பிறகும் மாமியாரின் ஹக்கை மறக்கவில்லை.

அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக மக்களை விட்டு ஒதுங்கினார்கள். பாடங்கள் நின்றன. கதவு அடைக்கப்பட்டது. அமீர்கள் அனுப்பிய தானியமும் நெய்யும் பணமும் திருப்பி அனுப்பப்பட்டன. மொராக்கோ சுல்தான் அனுப்பிய அன்பளிப்பையும் ஏற்கவில்லை. வேண்டாமென்றால் ஏழைகளுக்காவது பங்கிட்டிருக்கலாமே என்று சுல்தான் வருத்தத்தோடு கடிதம் எழுதினார். பெரியவர்களின் வாழ்விலும் இப்படிப்பட்ட நாட்கள் உண்டு. அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. தனிமையும் துக்கமும் ஆலிமையும் விடாது. இந்த ஒதுக்கத்தின் நாட்களிலும் பேனா மட்டும் நிற்கவில்லை. இஹ்யாவின் விரிவுரை தொடர்ந்தது. தாயிஃபில் வாலிப வயதில் ஐதரூஸ் (ரஹ்) அவர்களிடம் ஓதிய அதே கிதாபுக்கு விரிவுரை எழுதி முடித்தார்கள்.

கடைசி ஜும்ஆ

ஹிஜ்ரி 1205, ஷஃபான் மாதம். கி.பி. 1791. கெய்ரோவில் பிளேக் என்னும் தாவூன் பரவியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு எதிரே இருந்த பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதார்கள். தொழுது முடித்ததும் நோய் தாக்கியது. வீட்டுக்குள் போனார்கள். அன்றிரவே நாவு அடைத்துவிட்டது. நாற்பது பாகங்களில் சொற்களைச் சேர்த்து வைத்த நாவு அது. ஞாயிற்றுக்கிழமை அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

வீட்டிலிருந்தவர்கள் பொருட்களை அகற்றும் வரை செய்தியை வெளியே சொல்லவில்லை. திங்கட்கிழமைதான் ஜனாஸா எடுக்கப்பட்டது. முதல் மனைவியின் பக்கத்தில் தாமே தயார் செய்திருந்த கப்ரில் அடக்கம் செய்யப்பட்டார்கள். தாவூன் பயத்தாலும் தூரத்தாலும் அல்அஸ்ஹருக்கு அன்று செய்தியே போய்ச் சேரவில்லை. உலகமே தேடி வந்த மனிதரின் ஜனாஸாவுக்கு உலமாக்கள் வரவில்லை. மகனும் இல்லை, மகளும் இல்லை. ஒரு கவிஞர் கூட இரங்கல் பாடவில்லை என்று மாணவர் ஜபர்தீ மனம் நொந்து எழுதுகிறார்.

கண்ணியமிக்கவர்களே! அந்நிய தேசத்து வாழ்க்கையின் விலை இது. இதை நம் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே நோய் வந்தால் கதவைத் தட்ட ஆள் வேண்டும். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் முதல் வேலையாக அங்குள்ள பள்ளிவாசலோடும் ஜமாஅத்தோடும் சேர்ந்துகொள்ளுங்கள். தனியாக அறை எடுத்துத் தங்கும் மாணவரை வாரம் ஒருமுறையாவது விசாரியுங்கள். அண்டை வீட்டார் மூன்று நாள் காணாமல் போனாலும் தெரியாத ஒரு வாழ்க்கையை நாம் வாழ்ந்துவிடக் கூடாது.

அந்தத் தந்தைக்கான பதில்

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ஊரை விட்டுப் போய் வேறு ஊரில் தங்குவதே குற்றமென்றால் நம் வரலாறே இருக்காது. பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவை உயிராக நேசித்தார்கள். மக்கா வெற்றி கொள்ளப்பட்ட பிறகும், தங்களை ஏற்ற அன்ஸாரிகளோடு மதீனாவுக்கே திரும்பினார்கள். அங்கேயே அடக்கமாகியிருக்கிறார்கள். சத்தியத்தைத் தேடிப் பாரசீகத்திலிருந்து புறப்பட்ட ஸல்மான் (ரலி) அவர்கள் பிறந்த ஊருக்குத் திரும்பிப் போய் வாழவில்லை. அல்லாஹ்வின் பூமி விசாலமானது என்பதைக் குர்ஆன் நமக்கு நினைவூட்டுகிறது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. ஸபீதி (ரஹ்) போன ஊரில் ஐந்து வேளை பாங்கு கேட்டது. நம் பிள்ளைகள் போகும் ஊர்கள் பலவற்றில் பாங்கு கேட்காது. அதனால்தான் உலமாக்கள் நிபந்தனை சொல்கிறார்கள். தீனைப் பேணி வாழ முடிகிறதா, ஹலாலான சம்பாத்தியமா, பிறக்கும் பிள்ளைகள் ஈமானோடு வளர வழி இருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்று சொல்ல முடிந்தால் தங்குங்கள். முடியாது என்றால் எவ்வளவு பெரிய சம்பளமானாலும் அது நஷ்டம்.

பெற்றோரின் ஹக்கும் இருக்கிறது. அவர்களுக்கு உங்களை விட்டால் கவனிக்க யாரும் இல்லையென்றால் உங்கள் கணக்கு வேறு. மாதம் அனுப்பும் பணம் அந்தக் கடமையில் பாதிதான். குரலும் முகமும் மீதிப் பாதி. ஊர் பேர் தெரியாத ஹாஜியிடம் அவர் ஊர் மக்களை விசாரித்தார்களே, நாம் பெற்ற தாயிடம் இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரிக்கக் கூடாதா?

தந்தைமார்களே! மகன் அங்கே தங்கினான் என்பதால் அவனை இழந்துவிட்டதாக எண்ணாதீர்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்பதோடு, அங்கே யாருக்குப் பயன்படுகிறான் என்றும் கேளுங்கள். அங்குள்ள பள்ளிவாசலில் நாலு பிள்ளைகளுக்கு அலிஃப் பா சொல்லித் தருகிறானா? புதிதாக வரும் மாணவனை விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வருகிறானா? அவனுடைய படிப்பால் அந்த ஊர் மக்களுக்கு ஒரு நன்மை உண்டா? பதில் ஆம் என்றால், அல்ஹம்துலில்லாஹ், உங்கள் துஆ கபூலாகியிருக்கிறது. வீடு, கார், குடியுரிமை மட்டுமே பதில் என்றால், அவன் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் நீங்கள் கவலைப்பட வேண்டியவர்தான்.

இமாம் முர்தளா ஸபீதி (ரஹ்) அவர்களுக்கு வாரிசு இல்லை. ஜனாஸாவில் கூட்டமில்லை. ஆனால் மனிதன் இறந்த பிறகும் தொடரும் நன்மைகளில் பயன்தரும் இல்மும் ஒன்று என்று நபிகளார் கற்றுத்தந்தார்கள் அல்லவா? இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நன்மை போய்ச்சேர்ந்து கொண்டே இருக்கிறது. இன்று தமிழகத்தில் ஒரு சிற்றூரின் மிம்பரில் அவர்களுக்காக ரஹ்மத்துல்லாஹி அலைஹி என்று சொல்கிறோமே, அதுவும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

யா அல்லாஹ்! படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் கடல் கடந்து சென்றிருக்கும் எங்கள் பிள்ளைகளின் ஈமானைப் பாதுகாப்பாயாக! அவர்கள் இருக்கும் ஊருக்கு அவர்களை பரக்கத்தாக ஆக்குவாயாக! இங்கே காத்திருக்கும் பெற்றோரின் கண்களை அவர்களைக் கொண்டு குளிரச் செய்வாயாக! தனிமையில் நோயுற்றிருப்போருக்கு நல்ல துணையைத் தருவாயாக! இமாம் முர்தளா ஸபீதி (ரஹ்) அவர்களின் கப்ரை ஒளியால் நிரப்புவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.